கெட்டிமேளம் கேட்கிறது, படம் ஏன் நிற்கிறது?

திருவந்திபுரத்தில் முகூர்த்த நாளென்றால் எப்படி இருக்கும் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேவநாத சுவாமி கோயிலைச் சுற்றி ஒரே காலையில் எத்தனையோ கல்யாணம். ஒரு மேளம் ஓய்வதற்குள் பக்கத்தில் இன்னொரு மேளம். அப்படி ஓர் ஆவணிக் கல்யாணத்தை மூன்று கேமராவில் எடுத்துவந்து, மஞ்சக்குப்பத்தில் என் எடிட்டிங் அறையில், காட்சிகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் போட்டு வைத்திருந்தேன். பாட்டு எது வேண்டும் என்று சொல்ல நெல்லிக்குப்பத்திலிருந்து பெண்ணின் அம்மா வந்தார். வந்ததும் தாலி கட்டும் இடத்தைத்தான் கேட்டார். ஓட்டினேன். கெட்டிமேளம் தெளிவாகக் கேட்கிறது. படம் மட்டும் நிற்கிறது, தாவுகிறது, மறுபடி நிற்கிறது. மாப்பிள்ளையின் கை தாலியோடு அப்படியே நின்றது. அடுத்து படம் நகர்ந்தபோது முடிச்சு போட்டு முடிந்திருந்தது.

அவர் முகம் வாடிவிட்டது. "என்ன தம்பி, முகூர்த்தமே சரியா விழலையா?"

"அதெல்லாம் நல்லா விழுந்திருக்கும்மா. இந்த சிஸ்டத்துலதான் திக்குது."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. நம்பாமல் போனாலும் அவரைக் குறை சொல்ல முடியாது. கண்ணால் பார்ப்பதைத்தானே யாரும் நம்புவார்கள். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் இந்த நிமிடம் ஒரு முறையாவது வந்திருக்கும். வந்த உடனே நாம் செய்வது ஒன்றே ஒன்று: "சிஸ்டம் பத்தல" என்று முடிவுகட்டி, கடன் வாங்கியாவது பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போடுவது. பல பேருக்கு அதற்குப் பிறகும் படம் திக்குகிறது. காரணம் இருக்கும் இடம் வேறு, பணம் போன இடம் வேறு. அந்தக் காரணத்தை எப்படித் தேடிப் பிடிப்பது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊர் வழக்கப்படி வினாடிக்கு 25 ஃபிரேம் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் மில்லி செகண்டை 25ஆல் வகுத்தால் 40. ஒவ்வொரு 40 மில்லி செகண்டுக்குள்ளும் கணினி நான்கு வேலைகளை முடித்தாக வேண்டும். டிஸ்கிலிருந்து தரவை எடுக்க வேண்டும், அதைப் பிரித்து முழுப் படமாக்க வேண்டும், நாம் போட்ட கலர், ஸ்டெபிலைசர், எழுத்து எல்லாவற்றையும் அதன்மேல் ஏற்ற வேண்டும், கடைசியில் திரைக்கு அனுப்ப வேண்டும். இதில் எது ஒன்று 41ஆவது மில்லி செகண்டைத் தொட்டாலும் அந்த ஃபிரேம் தவறிவிடும். ஒலிக்கு இந்தச் சுமை இல்லை, அதன் தரவு மிகச் சிறியது. மென்பொருளும் ஒலியை நிறுத்தாமல் ஓடவிட்டு, படத்தை அதற்கு ஈடுகொடுக்கச் சொல்கிறது. ஈடுகொடுக்க முடியாத ஃபிரேம்களை விட்டுவிடுகிறது. மேளம் ஒழுங்காகக் கேட்டு, தாலி மட்டும் தாவியது இதனால்தான். எடுத்த ஃபைலில் ஒரு குறையும் இல்லை.

அந்த நான்கில் பெரும்பாலும் தடுக்கி விழுவது இரண்டாவது வேலை, பிரிக்கிற வேலை. ஏன் என்று புரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மினி டிவி (DV, தொலைக்காட்சி அல்ல) கேசட் காலத்தில் எடிட்டிங் செய்தவர்கள் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அன்றைய பென்டியம் கணினி இன்றைய கைப்பேசியைவிட எத்தனையோ மடங்கு மெதுவானது. ஆனாலும் டிவி ஃபுட்டேஜ் அதில் வழுக்கிக்கொண்டு ஓடியது. 720க்கு 576 என்ற சின்ன படம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், டிவி முறையில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டிருந்தது. எந்த ஃபிரேமைக் கேட்டாலும் அதை மட்டும் எடுத்துப் பிரித்தால் போதும். 2003இல் எச்டிவி (HDV) வந்தது. அதே கேசட், அதே வினாடிக்கு 25 மெகாபிட், ஆனால் படம் 1440க்கு 1080. கிட்டத்தட்ட நான்கு மடங்கு படத்தை அதே இடத்துக்குள் திணிக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். விட்டுக்கொடுத்தது ஃபிரேம்களின் தனித்தன்மையை. 2006இல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து கொண்டுவந்த ஏவிசிஎச்டி, எச்.264 என்ற சுருக்கும் முறையில் இதை இன்னும் இறுக்கியது. 2013இல் வெளியான எச்.265 அதற்கும் மேலே போனது. இன்று கேமரா, ட்ரோன், கைப்பேசி எல்லாமே பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் பதிகின்றன.

இந்த முறையை மளிகைக்கடைப் பற்று நோட்டை வைத்து விளங்கிக்கொள்ளலாம். மாதம் முதல் தேதி அன்று, பழைய பாக்கி எவ்வளவு என்று முழுத் தொகையைக் கடைக்காரர் எழுதுகிறார். அதற்குப் பிறகு தினமும் அன்று வாங்கியதும் கொடுத்ததும் மட்டும்தான். 18ஆம் தேதி பாக்கி எவ்வளவு என்று கேட்டால், அந்தப் பக்கத்தில் பதில் இருக்காது. முதல் தேதியிலிருந்து கூட்டிக் கழித்துக்கொண்டு வர வேண்டும். எச்.264 ஃபைலும் இப்படித்தான். எங்கோ ஒரு ஃபிரேம் முழுப் படமாக இருக்கும், அதற்கு ஐ ஃபிரேம் என்று பெயர். அடுத்து வருபவை முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்லும். சில ஃபிரேம்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பின்னால் வரப்போகும் படத்தையும் பார்த்துத்தான் தம்மை நிரப்பிக்கொள்ளும். நோட்டில் அடுத்த வாரக் கணக்கைப் பார்த்து இன்றைய கணக்கை எழுதுவது போல. வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் சிரமம் தெரியாது. எடிட்டிங்கில் வரிசையாகப் போவது எங்கே? இங்கே நிறுத்து, பின்னால் போ, நடுவில் வெட்டு, அந்தக் கேமராவுக்குத் தாவு என்றுதான் நாள் முழுவதும் வேலை. ஒவ்வொரு தாவலுக்கும் கணினி முதல் தேதிக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வருகிறது.

இதை உங்கள் விரலாலேயே சோதித்துப் பார்க்கலாம். கேமரா ஃபைல் ஒன்றை டைம்லைனில் போட்டு, வலது அம்புக்குறியைத் தட்டுங்கள். ஒவ்வொரு ஃபிரேமாக முன்னால் நகரும், பெரிதாகத் தாமதம் தெரியாது. இப்போது இடது அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போங்கள். சில தட்டல்களுக்கு உடனே நகரும், சில தட்டல்களுக்கு ஒரு கணம் யோசித்துவிட்டு நகரும். அந்த யோசிக்கிற இடத்தில்தான் கணினி பழைய ஐ ஃபிரேமுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருக்கிறது. வலது பக்கம் சரளமாகவும் இடது பக்கம் திணறலாகவும் இருந்தால், உங்கள் பிரச்சினை ஃபைலின் முறையில்தான் என்று பாதிக்கு மேல் உறுதி.

இன்னொரு கணக்கும் பார்த்துவிடலாம். எச்டி படத்தில் 1920ஐ 1080ஆல் பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். வண்ணத்தைப் பதியும் சாதாரண முறையான 8 பிட் 4:2:0இல் புள்ளிக்கு ஒன்றரை பைட் என்றால், ஒரு ஃபிரேமுக்கு சுமார் 31 லட்சம் பைட், வினாடிக்கு சுமார் 78 எம்பி. ஆனால் வினாடிக்கு 50 மெகாபிட்டில் பதியும் கேமரா, எட்டு பிட் ஒரு பைட் என்பதால், கார்டில் எழுதுவது 6.25 எம்பிதான். பன்னிரண்டில் ஒரு பங்கு! 4கேயில் 100 மெகாபிட் என்றால் 311 எம்பியை 12.5க்குள் அடைக்கிறது, அதாவது 25இல் ஒரு பங்கு. அவ்வளவு இறுக்கி மடித்ததை 40 மில்லி செகண்டுக்கு ஒரு முறை பிரித்து விரித்துக் காட்ட வேண்டும். பலர் "ஃபைல் சின்னதுதானே, ஏன் ஓட மாட்டேங்குது" என்று கேட்கிறார்கள். சின்னதாக இருப்பதால்தான் ஓட மறுக்கிறது.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டைம்லைனை ஓட்டுங்கள். பிராசஸர் 100ஐத் தொட்டு நிற்கிறதா, டிஸ்க் 100இல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போனால் அதற்குள் பல சின்ன வரைபடங்கள் இருக்கும். வீடியோ டிகோட் என்ற வரைபடம்தான் நமக்கு வேண்டியது. எச்.264, எச்.265 ஆகியவற்றைப் பிரிப்பதற்கென்றே சிப்பில் தனிப் பகுதி உண்டு. அது வேலை செய்தால் இந்த வரைபடம் ஏறும், பிராசஸர் நிம்மதியாக இருக்கும். வீடியோ டிகோட் பூஜ்யத்தில் படுத்துக்கிடக்க, பிராசஸர் மட்டும் கொதிக்கிறது என்றால், எல்லாக் கணக்கையும் பிராசஸரே கையால் போட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். மென்பொருளின் அமைப்பில் ஹார்ட்வேர் டிகோடிங் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் பழையதா என்றும் பாருங்கள். இந்த இரண்டு சோதனைக்கும் ஒரு பைசா செலவில்லை. நிறைய சிஸ்டங்கள் இதிலேயே சரியாகிவிடும்.

அமைப்பெல்லாம் சரியாக இருந்தும் டிகோட் ஏறவில்லை என்றால், விஷயம் சிப்பிலேயே இருக்கலாம். இது பலருக்குத் தெரியாத இடம், இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். இண்டெல் பிராசஸர்களில் குவிக் சிங்க் என்ற பிரிக்கும் பகுதி 2011 முதல் இருக்கிறது. அது இருப்பது பிராசஸருக்குள்ளேயே உள்ள கிராஃபிக்ஸில். பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து வரும் பிராசஸர்களில் அந்த உள் கிராஃபிக்ஸ் கிடையாது, ஆகவே குவிக் சிங்க்கும் கிடையாது. விளையாட்டுக்கு சிஸ்டம் போடுபவர்களுக்கு அதனால் நஷ்டமில்லை, விலையும் சற்றுக் குறைவு. எடிட்டிங் செய்பவருக்கு அது பெரிய இழப்பு. அடுத்தது வண்ணம். இப்போது வரும் கேமராக்களில் 10 பிட் 4:2:2 என்று ஒரு முறை இருக்கிறது. 4:2:0இல் நான்கு புள்ளிக்கு ஒரு வண்ணக் கணக்கு என்றால், இதில் இரண்டு புள்ளிக்கு ஒன்று. கலர் செய்ய அருமையாக இருக்கும். ஆனால் எச்.265இல் இந்த 4:2:2ஐப் பிரிக்கும் திறன் இண்டெல் மேசைக் கணினிகளில் 11ஆம் தலைமுறையில்தான் வந்தது. என்விடியா கார்டுகளில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. எச்.264இல் 10 பிட் 4:2:2 எடுத்தாலோ, இன்று புழக்கத்தில் இருக்கும் பெரும்பாலான விண்டோஸ் கணினிகளில் அதைப் பிரிக்கச் சிப்பின் உதவியே கிடைக்காது.

இப்போது கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். புதுச்சேரியில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர், எஃப் பிராசஸரோடு நல்ல விலையில் ஒரு கார்டும் போட்டுப் புது சிஸ்டம் எடுத்தார். கேமராவையும் மாற்றி, எல்லாவற்றையும் 10 பிட் 4:2:2இல் எடுக்க ஆரம்பித்தார். பழைய சிஸ்டத்தில் ஓடிய அளவுகூட ஓடவில்லை. ஒரு மாதம் ரேம் மாற்றினார், விண்டோஸ் மாற்றினார், கேபிள் மாற்றினார். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தபோது டிகோட் வரைபடம் அசையவே இல்லை. அவர் ஃபுட்டேஜைப் பிரிக்கத் தெரிந்த பகுதி அந்தக் கணினியில் எங்குமே இல்லை! அவர் உழைத்துச் சேர்த்த பணம் அது, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. கல்யாண மண்டபத்தின் எல்இடி திரைக்கும் பென்டிரைவுக்கும் போகிற வேலைக்கு 8 பிட் 4:2:0 தாராளமாகப் போதும். கலரில் ரொம்ப விளையாடப் போகிற காட்சிகளுக்கு மட்டும் 10 பிட் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

டிஸ்க் பக்கம் வருவோம். வினாடிக்கு 12.5 எம்பி என்பது எந்த ஹார்டு டிஸ்குக்கும் பெரிய விஷயமில்லை. ஒரு கேமரா என்றால் பழைய டிஸ்கே போதும். மூன்று கேமராவை ஒரே நேரத்தில் ஓட்டும்போது, தட்டு சுழலும் டிஸ்கில் முள் மூன்று இடத்துக்கும் மாறி மாறி ஓட வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஏறக்குறைய 10 மில்லி செகண்ட். நம்மிடம் இருப்பதோ 40. எஸ்எஸ்டியில் இந்த ஓட்டமே கிடையாது, அதனால்தான் மல்டிகேமரா வேலைக்கு அதைச் சொல்கிறார்கள். இன்னொரு தவறும் அடிக்கடி பார்க்கிறேன். நல்ல வெளி எஸ்எஸ்டியை வாங்கி, கணினியின் பழைய யூஎஸ்பி 2 துளையில் சொருகி வைத்திருப்பார்கள். காகிதத்தில் 480 மெகாபிட் என்றாலும் நடைமுறையில் அதில் 35, 40 எம்பிக்கு மேல் வராது. மூன்று 4கே கேமராவுக்கு வேண்டியது 37.5. விளிம்பிலேயே நிற்கிறோம். துளையை மாற்றிச் சொருகினால் வேலை முடிந்தது. மெமரி கார்டிலிருந்து நேராக எடிட் செய்வதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, திக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும், கார்டு போனால் கல்யாணமே போய்விடும்.

மூன்றாவது வேலை எஃபெக்ட். பிரீமியர் மென்பொருளில் டைம்லைனுக்கு மேலே சிவப்புக் கோடு வந்தால், இதை ரெண்டர் செய்யாமல், அதாவது முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்காமல், சரியாக ஓட்ட முடியாமல் போகலாம் என்று மென்பொருளே சொல்கிறது. மஞ்சள் என்றால் சமாளித்துவிடலாம், பச்சை என்றால் ரெண்டர் ஆகிவிட்டது. எஃபெக்ட்தான் காரணமா என்று தெரிய, பிரிவியூ திரையில் எல்லா எஃபெக்டையும் ஒரே தட்டில் அணைக்கும் எஃப்எக்ஸ் பட்டன் உண்டு. அணைத்ததும் வழுக்கிக்கொண்டு ஓடினால் ஃபைலில் குற்றமில்லை. நாய்ஸ் ரிடக்‌ஷனும் ஸ்டெபிலைசரும்தான் பெரும்பாலும் அழுத்துபவை. அவற்றைக் கடைசியில் போடுங்கள், இல்லையென்றால் அந்த இடத்தை மட்டும் குறித்து என்டர் தட்டி ரெண்டர் செய்துகொள்ளுங்கள்.

இங்கேயே போட்டோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆல்பத்துக்கு எடுத்த படங்களை அப்படியே எடுத்து ஸ்லைடு ஷோவில் போடுவது நம் வழக்கம். 24 மெகாபிக்சல் படம் என்றால் 6000க்கு 4000, மொத்தம் 2 கோடியே 40 லட்சம் புள்ளி. எச்டி ஃபிரேமைவிட 11 மடங்குக்கும் மேல். அதை மெதுவாகப் பெரிதாக்கி, ஓரத்தில் பூ தூவி, இன்னொரு படத்தோடு கலக்கவிட்டால் எந்தக் கணினியும் மூச்சு வாங்கும். நீளப் பக்கம் 3840 வருமாறு முதலில் சிறிதாக்கிவிட்டுப் போடுங்கள். திரையில் வித்தியாசம் தெரியாது, ஓட்டத்தில் நன்றாகத் தெரியும்.

இதுவரை சொன்னது ஃபிரேம் தவறும் திக்கல். கணினி ஒரு ஃபிரேமையும் தவறவிடாமலே படம் உதறுவதும் உண்டு. பிரீமியரில் தவறிய ஃபிரேம்களை எண்ணிக் காட்டும் சின்ன விளக்கு ஒன்றைப் பிரிவியூ திரையில் வைத்துக்கொள்ளலாம். தவறாதவரை பச்சை, தவறினால் மஞ்சள். விளக்கு பச்சையாகவே இருக்கிறது, படம் மட்டும் உதறுகிறது என்றால் கணினியை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேட வேண்டும். ட்ரோன்காரர் 30 ஃபிரேமில் எடுத்திருப்பார், நம் டைம்லைன் 25. ஆறு ஃபிரேமுக்கு ஒன்றைக் கழித்தால்தான் கணக்கு நேராகும், ஆகவே வினாடிக்கு ஐந்து உதறல். சுண்ணாம்பாற்றின் மேல் ட்ரோன் மெதுவாகப் போகும் காட்சியில் இது பளிச்சென்று தெரியும். எத்தனை லட்ச ரூபாய் சிஸ்டத்தில் போட்டாலும் தெரியும். எடுப்பதற்கு முன்பே எல்லோரும் 25, அல்லது 50 என்று பேசிவைப்பதுதான் வழி. 50 என்றால் சரிபாதி, உதறாது.

மானிட்டரும் ஒரு காரணம். பெரும்பாலான மானிட்டர்கள் வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கும். 25 ஃபிரேமை அதில் காட்டும்போது ஒரு ஃபிரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் என்று ஏறுமாறாக நிற்கும். கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சியில் லேசான தடுமாற்றம் தெரியும். மானிட்டரை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்ற முடிந்தால் மாற்றிப் பாருங்கள், போய்விடும். இன்னொன்று ஷட்டர். புதுச்சேரி பீச் ரோட்டில் நடு மதிய வெயிலில் மணமக்களை நடக்கவிட்டு, வெளிச்சத்தைக் குறைக்க 1/2000இல் எடுத்தால், ஒவ்வொரு ஃபிரேமும் கத்தி வைத்து வெட்டியது போல் நிற்கும், அசைவில் மங்கலே இருக்காது. கண் அதைத் திக்கலாகவே உணரும். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரை லென்ஸில் போட்டு 1/50க்கு இறக்கினால் நடை இயல்பாக வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டப விளக்குகள் பெரும்பாலானவற்றுக்கும் 1/50 ஒத்துப்போகும்.

உறவினர்கள் கைப்பேசியில் எடுத்து அனுப்பும் வீடியோக்கள் தனி ரகம். அவற்றில் ஃபிரேம் வேகமே நிலையாக இருக்காது. இருட்டானால் 24, வெளிச்சமானால் 30 என்று தானாக ஏறி இறங்கும். டைம்லைனில் போட்டால் உதறும், போகப் போக உதடும் பேச்சும் விலகும். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். பழைய எச்டிவி கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுபவர்களுக்கு, அசையும் பொருளின் ஓரத்தில் சீப்பின் பல் போலக் கோடு தெரிவதும் பிளேபேக் கோளாறு இல்லை. ஒரு படத்தை ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாக எடுத்த முறையின் தடம் அது. அந்தப் பாதிகளை முழுப் படமாக்கும் டி-இன்டர்லேஸ் செய்ய வேண்டும்.

முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடி, அப்புறம் திக்க ஆரம்பித்தால் சூட்டைச் சந்தேகியுங்கள். சூடு எல்லையைத் தொட்டதும் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கத்திரி வெயிலில் இது சாதாரணம். தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் போலக் கடலை ஒட்டிய இடத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை உண்டு. உப்புக் காற்றின் ஈரத்தில் தூசி பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், மற்ற ஊர்களைப் போல ஊதினால் போகாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஃபேனையும் ஹீட் சிங்கையும் பிரஷ் வைத்துத் துடைப்பது என் வழக்கம். லேப்டாப்பில் வேலை செய்பவர்கள் சார்ஜரைச் சொருகியே ஓட்டுங்கள், பேட்டரியில் வேகம் குறையும்.

இவ்வளவுக்கும் மேல், கையில் இருக்கும் கணினியிலேயே வேலையை ஓட்டிவிட ஒரு வழி இருக்கிறது. பிராக்ஸி. கேமரா ஃபைல் ஒவ்வொன்றுக்கும் எளிதாக ஓடக்கூடிய ஒரு நகல் எடுத்து, வெட்டுவதை அந்த நகலில் செய்வது. கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருள் அசல் ஃபைலையே எடுத்துக்கொள்ளும், ஆகவே தரம் குறையாது. நகலுக்கு புரோரெஸ் பிராக்ஸி அல்லது டிஎன்எக்ஸ் முறையை எடுங்கள். பழைய டிவி கேசட் போலவே இவற்றில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி. நோட்டில் தினமும் முழுப் பாக்கியையும் எழுதிவைத்தது போல, எந்தத் தேதியைக் கேட்டாலும் உடனே பதில். பிராக்ஸியையும் எச்.264இல் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இடம் மிச்சமாகும், ஆனால் எந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்க வந்தோமோ அதையே சின்ன அளவில் கூடவே எடுத்துக்கொண்டு வருகிறோம்.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்பதுதான் எல்லோரும் கேட்பது. 1080 அளவில் புரோரெஸ் பிராக்ஸி 25 ஃபிரேமுக்கு வினாடிக்குச் சுமார் 38 மெகாபிட், அதாவது மணிக்கு 17 ஜிபி. பக்கங்களைப் பாதியாக்கி 960க்கு 540 என்று எடுத்தால் ஏறக்குறைய அதில் கால்பங்கு. இரண்டு கேமராவிலும் சேர்த்து எட்டு மணி நேர ஃபுட்டேஜ் இருந்தாலும் 35 ஜிபியைச் சுற்றி முடிந்துவிடும். கல்யாண வேலைக்கு இது போதும். நகலின் ஃபிரேம் வேகமும் ஆடியோ சேனல் எண்ணிக்கையும் அசலோடு அச்சாக ஒத்துப்போக வேண்டும், அதில் மட்டும் கவனம் தேவை. நகலில் முகம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். கலர் செய்யும்போதும் ஃபோகஸ் பார்க்கும்போதும் பிராக்ஸி பட்டனை அணைத்து அசலைப் பாருங்கள். வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், இது வேலைக்கான நகல், கைக்கு வருவது இதைவிடத் தெளிவாக இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிரிவியூவைப் பாதி, கால் என்று குறைத்து ஓட்டும்போதும் இதே பேச்சு தேவைப்படும்.

நேரம்? கல்யாணம் முடிந்து வந்த இரவு, கார்டுகளை இரண்டு டிஸ்கில் நகல் எடுத்துவிட்டு, பிராக்ஸி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் தயார். கரண்ட் போனால் யூபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, ஃபைல்களைச் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரித்துப் போடுவது நல்லது. பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அன்றைக்கு நெல்லிக்குப்பத்து அம்மாவை அனுப்பிவிட்டு, அந்த மூன்று கேமரா ஃபுட்டேஜுக்கும் இரவு முழுக்கப் பிராக்ஸி போட்டேன். சிஸ்டத்தில் வேறு எதையும் தொடவில்லை. இரண்டு நாள் கழித்து மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். கெட்டிமேளம் கேட்டது, தாலி கழுத்துக்குப் போனது, முதல் முடிச்சு, அடுத்த முடிச்சு, பின்னாலிருந்து நாத்தனார் கை வந்து மூன்றாவதைப் போட்டது. "நிறுத்து தம்பி. கொஞ்சம் பின்னால போ." இடது அம்புக்குறியைத் தட்டினேன். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு ஃபிரேம், எங்கும் நிற்காமல் பின்னால் போனது. மகளின் தோளுக்குப் பின்னால், கூட்டத்தின் நடுவில், அட்சதை வைத்த கையை உயர்த்தியபடி அழுதுகொண்டிருந்தது அவரே. "இன்னும் கொஞ்சம் பின்னால போ" என்றார்.